பதினொன்றாம் வகுப்பில் காலியாகும் மைதானம்

பிளஸ் 1 வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்தது. 2025-26 கல்வியாண்டிலேயே அது நடைமுறைக்கு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் விடாமல் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவில் ஓர் ஆண்டு திரும்பக் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டு மைதானத்துக்குப் போகுமா, டியூஷன் சென்டருக்குப் போகுமா என்பதுதான் இப்போது நம் முன் இருக்கும் கேள்வி.

எந்த ஊர்ப் பள்ளியிலும் பி.டி. சாரைக் கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேராக இருந்த அணி, பிளஸ் 1 சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் ஐந்தாறு பேராகிவிடும் என்பார். மற்றவர்கள் யாரும் சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் வராமல் போனவர்கள். வழியில் சாரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதிப்பார்கள்.

என் அக்கா மகள் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கிறாள். வாலிபால் அணியின் செட்டர். எட்டாம் வகுப்பிலிருந்து ஆடுகிறாள். பத்தாம் வகுப்பில் மாவட்ட அணிக்காகவும் ஆடினாள். நல்ல மதிப்பெண் வாங்கி உயிரியல்-கணிதப் பிரிவில் சேர்ந்ததும் அத்தான் அவளைக் கூப்பிட்டு, “இந்த ரெண்டு வருஷம் மட்டும் பந்தை எடுத்து வச்சிரும்மா. அப்புறம் காலேஜ்ல போய் எவ்வளவு வேணா விளையாடு” என்றார். அதட்டவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னாராம்.

அன்று இரவு அவள் எனக்குப் போன் செய்தாள். “மாமா, ரெண்டு வருஷம் பந்தைத் தொடாம இருந்துட்டுப் போனா, காலேஜ்ல என்னை எந்த டீம்ல சேத்துப்பாங்க?”

என்னிடம் உடனே பதில் இல்லை. அதற்குப் பிறகு சில வாரங்கள் ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர் என்று பலரிடம் பேசினேன். அவளுக்குச் சொல்லத் தேடிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெற்றோரின் கணக்கு

விளையாட்டை நிறுத்தச் சொல்லும் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. நம் மாநிலத்தில் கல்லூரிச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று தெரிந்துதான் அவர்கள் பயப்படுகிறார்கள்.

பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்வோம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. அரை மதிப்பெண் குறைந்தாலே நூற்றுக்கணக்கானவர்கள் நம்மை முந்திவிடுவார்கள். நான்கு ஆண்டுகள் மாவட்ட அணிக்கு ஆடியவர் என்பதற்காக அந்த 200-இல் ஒரு புள்ளிகூட ஏறாது. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். அதன் 720 மதிப்பெண்ணிலும் மைதானத்துக்கு இடமில்லை.

விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பொறியியலில் 500 இடங்கள். ஆனால் கலந்தாய்வில் நிரப்பப்படும் மொத்த இடங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். படிப்பில் மாநிலம் முழுமைக்கும் ஏழு இடங்கள், பல் மருத்துவத்தில் ஒன்று. சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி என்று மேலிருந்துதான் அந்த வரிசை இறங்கி வரும். மாவட்ட அளவில் இரண்டாம் இடம் பெற்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அந்த வரிசை மிக நீளமானது.

சென்னை ஐஐடி 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்கென்று தனிச் சேர்க்கை நடத்துகிறது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள்; அதில் ஒன்று பெண்களுக்கு. நல்ல முயற்சி. ஆனால் கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் பதக்கம் வென்றிருக்க வேண்டும், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்விலும் தகுதி பெற்றிருக்க வேண்டும். இரண்டையும் செய்யக்கூடிய பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெளிநாட்டுப் படிப்பை மனத்தில் வைத்திருக்கும் குடும்பங்களிடம் இதற்கு நேர்மாறான பேச்சு கேட்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டைக் கேட்கும், அதனால் விடாதே என்பது. அங்கே விண்ணப்பத்தில் மாணவர் வகுப்புக்கு வெளியே என்ன செய்தார் என்று எழுத இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அங்கும் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடுபவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் கல்லூரிப் போட்டிகளை நடத்தும் தேசிய அமைப்பின் அணிகளில் ஆடப் போகிறார்கள். முதல் பிரிவுக் கல்லூரிகளுக்குப் போவது இரண்டு பேருக்கும் குறைவு. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை. விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காகப் பிடிக்காத ஆட்டத்தைப் பிள்ளையைத் தொடரச் சொல்வது, பிடித்த ஆட்டத்தை நிறுத்தச் சொல்வதைப் போலவே தவறு.

ஆக, கல்லூரி இடத்துக்கான ஏணியாக மட்டும் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிடலாம். இதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். பொய் நம்பிக்கையைக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஓடவிட்டு, கலந்தாய்வு நாளில் தலையில் கைவைக்கச் செய்வது பெரிய கொடுமை.

ஆனால் பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொரு வழி உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளும், எஸ்.ஆர்.எம்., வேல்ஸ் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கின்றன. திறமைக்கேற்பக் கட்டணம், விடுதி, சாப்பாடு ஆகியவற்றில் சலுகை தரும் கல்லூரிகள் பல. கபடி, வாலிபால், கூடைப்பந்து ஆடும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் பட்டதாரியானது இப்படித்தான். அதற்குப் பிறகு தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, ராணுவம் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பிளஸ் 1, பிளஸ் 2 காலத்துச் சான்றிதழ்கள்தான் அடித்தளம். சரியாக அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நாம் நிறுத்தச் சொல்கிறோம்.

நிறுத்தினால் மிச்சமாகும் நேரம்

“விளையாட்டை விட்டால் தினமும் ரெண்டு மணி நேரம் கூடப் படிப்பாள்” என்பது எல்லா வீடுகளிலும் கேட்கும் வாக்கியம். அக்கா மகள் ஆடாமல் இருந்த முதல் மாதத்தில் என்ன நடந்தது என்று அக்கா சொன்னார். முன்பு மாலை ஆறேகாலுக்கு வியர்வையோடு வருவாள், குளிப்பாள், தோசை சாப்பிட்டுவிட்டு டியூஷனுக்கு ஓடுவாள். இப்போது நாலே முக்காலுக்கே வந்துவிடுகிறாள். போனை எடுக்கிறாள். படுக்கிறாள். ஆறரைக்கு எழுப்பினால் முகம் வீங்கி, எரிந்து விழுகிறாள். டியூஷனுக்கு அதே நேரத்தில்தான் போகிறாள். இரவு பதினொன்றுக்குத் தூங்கிக்கொண்டிருந்தவள் இப்போது ஒரு மணி வரை விழித்திருக்கிறாள். புத்தகம் திறந்திருக்கிறது, படிக்கிறாளா என்று தெரியவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தை அப்படியே படிப்புக்கு மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் மாலை ஐந்து மணி என்பது காலை எட்டரையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த உடம்பு இனி முடியாது என்று சொல்லும் நேரம். அந்த நேரத்தில் ஓடியாடிய பிள்ளைக்கு இரவு எட்டு மணிக்குப் படிக்க உட்கார முடியும். ஆடாத பிள்ளைக்கு அந்த நேரம் பெரும்பாலும் அசதியில்தான் கழியும்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உலக அளவில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவுக்கு அசைவதில்லை என்று 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பெண் பிள்ளைகளில் இது 85 சதவீதம். நம் பிளஸ் 2 வகுப்பறைகளை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த எண் வியப்பைத் தராது. அங்கே பி.டி. பீரியட் கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். கணக்கு ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ அதை எடுத்துக்கொள்வார். பி.டி. வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் பொது மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது பழகிப்போன வழக்கம்.

நானும் நிறுத்தியவன்தான். 1993இல் பிளஸ் 1 படித்தபோது கபடியை விட்டேன். அணியின் நீலப் பனியன் பெட்டிக்குள் கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு அம்மா அதை அடுப்படியில் கைப்பிடித் துணியாக்கிவிட்டார். சோறு வடிக்கும்போதெல்லாம் அந்த 7ஆம் எண் கண்ணில் படும். எனக்குக் கிடைத்த மதிப்பெண்கள் கபடியை விட்டதால் கூடியவையா, விடாவிட்டாலும் அதே அளவு கிடைத்திருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

போட்டி நாளும் தேர்வு நாளும்

பிள்ளையும் பெற்றோரும் ஒத்துப்போனாலும் சிக்கல் தீர்வதில்லை. பள்ளி ஆண்டின் கட்டமைப்பே ஆடுகிற பிள்ளைக்கு எதிராக இருக்கிறது.

குறுவட்டப் போட்டிகள் பொதுவாக ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும். அதில் வென்றால் மாவட்டப் போட்டி. அது வரும்போது காலாண்டுத் தேர்வு வந்துவிடும். குடியரசு தினக் குழு விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு என்று மாநில அளவுக்குப் போனால் மழைக்காலம், அரையாண்டுத் தேர்வு. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் போட்டிகள் பல குளிர்காலத்தில், வடமாநிலம் ஒன்றில் நடக்கும். ரயிலில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், முகாம் ஒரு வாரம். திரும்பி வந்தால் ஜனவரியில் திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜே.இ.இ. மெயின் முதல் கட்டமும் ஜனவரியில்தான்.

அதாவது, ஒரு பிள்ளை நன்றாக ஆட ஆட அவளுக்குப் பள்ளியில் சிக்கல் கூடுகிறது. முதல் சுற்றில் தோற்ற அணி நிம்மதியாகத் தேர்வு எழுதுகிறது. மாநிலத்துக்குப் போன அணி ஆசிரியர்களிடம் திட்டு வாங்குகிறது. “கோப்பையை வச்சு என்ன பண்ணப் போற?” என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கப்பட்ட ஒரு பையனிடம் நான் பேசினேன். அதே கோப்பை தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. சேர்க்கைக் காலத்தில் பள்ளி ஒட்டும் பேனரிலும் இருந்ததாம்.

போனவர்களுக்கு விடுபட்ட பாடத்தை யார் நடத்துவது? விடுபட்ட அலகுத் தேர்வை யார் வைப்பது? வருகைப்பதிவில் என்ன போடுவது? இதற்கெல்லாம் ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு நடைமுறை. நல்ல வகுப்பாசிரியர் கிடைத்தால் பிழைத்தார்கள்.

பிளஸ் 1 பொதுத்தேர்வு 2017-18இல் ஏன் கொண்டுவரப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலேயே நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவின. பிள்ளைகள் ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டுகள் உருப்போட்டார்கள். அதைத் தடுக்க வந்த தேர்வு இப்போது போய்விட்டது. அழுத்தம் குறையட்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கண்காணிப்பு இல்லாவிட்டால் பழைய வழக்கம் திரும்பும். பிளஸ் 1 என்பது பிளஸ் 2 படிப்பின் முதல் ஆண்டாகிவிடும். அப்போது மைதானம் இன்னும் ஒரு வகுப்பு முன்னதாகவே, பத்தாம் வகுப்பிலேயே காலியாகும்.

பெண் பிள்ளைகள் முதலில் போகிறார்கள்

பையன்களிடம் படிப்பைக் காரணம் காட்டி நிறுத்தச் சொல்கிறோம். பெண் பிள்ளைகளிடமும் படிப்பைத்தான் சொல்கிறோம். ஆனால் அதற்கு அடியில் வேறு காரணங்கள் பல கிடக்கின்றன.

வெயிலில் கருத்துப்போவாள். கால்சட்டை போட்டுக்கொண்டு ஊர் நடுவில் ஆடுகிறாள். போட்டிக்கு வெளியூர் போனால் இரவு எங்கே தங்குவாள், கூட யார் போகிறார்கள். மாதவிலக்கு நாளில் எப்படி. மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால். இவற்றில் சில வெறும் பழக்கத்தால் வரும் தயக்கங்கள். அவை மாற வேண்டும். ஆனால் சில முழுக்க நியாயமான கவலைகள். அவற்றைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2021இல் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் தன்னிடம் பயிற்சி பெற்ற பெண் கொடுத்த புகாரில் போக்சோ சட்டத்தின் கீழ் கைதானார். அதைப் படித்த எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஒரு பெண் பிள்ளை திடீரென்று “எனக்கு இனிமே விளையாட வேண்டாம்” என்று சொன்னால், படிக்கத்தானே கேட்கிறாள் என்று மகிழ்ந்துவிடாமல், ஏன் என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பையன் சொன்னாலும் அப்படித்தான். அங்கே ஏதாவது நடந்திருந்தால் நிறுத்துவது மட்டும் போதாது, புகார் கொடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 நாள் முழுவதும் இயங்குகிறது.

அதே நேரம், சென்னை கண்ணகி நகரிலிருந்து வந்த கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணியோடு தங்கம் வென்றதைப் பாருங்கள். அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் வருத்தப்பட்ட இடம் அது. அங்கே மாலையில் பெண் பிள்ளைகள் கபடி ஆட ஒரு தளம் இருந்தது, கூடவே நின்ற ஒரு பயிற்சியாளர் இருந்தார். அத்தனையும் அங்கிருந்துதான் தொடங்கியது.

யாரைக் காட்டிப் பேசுவது

படிப்பா ஆட்டமா என்ற பேச்சு வந்தாலே குகேஷை இழுக்கிறோம். 18 வயதில் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனார். நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. அவருடைய தந்தை ஒரு மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போக வேண்டியிருந்ததால் தன் தொழிலைச் சுருக்கிக்கொண்டார். அது ஒரு குடும்பம் தன் சூழலை எடைபோட்டு எடுத்த துணிச்சலான முடிவு. அதை எல்லா வீட்டுக்கும் பாடமாக்க முடியாது. தினக்கூலி வாங்கும் தகப்பன் வேலையைச் சுருக்கினால் வீட்டில் உலை ஏறாது.

என் மனத்துக்கு நெருக்கமானவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் வெள்ளி வென்றவர். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே ஆடினார். கிரிக்கெட்டில் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். அஸ்வின் பொறியியல் பட்டதாரி. விஸ்வநாதன் ஆனந்த் லயோலாவில் வணிகவியல் படித்தார். படிப்பும் ஆட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது பொது விதி இல்லை என்று காட்ட இவர்கள் போதும்.

ஆனால் இவர்களெல்லாம் வென்றவர்கள். பிளஸ் 2-வில் அணியில் இருந்து, எங்கும் பதக்கம் வாங்காமல், சாதாரண வேலைக்குப் போய், ஐம்பது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தடிக்க வரும் ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். முடிவெடுக்கத் திணறும் பிள்ளைக்கு அவர்களைத்தான் நான் காட்டுவேன்.

நிறுத்துவதுதான் சரி என்னும்போது

சில நேரங்களில் நிறுத்தத்தான் வேண்டும். முழங்கால் தசைநார் கிழிந்து மருத்துவர் ஓய்வு சொன்னால், “ஒரு மேட்ச் மட்டும்” என்று யாரும் கேட்கக் கூடாது, பி.டி. சாரும் கேட்கக் கூடாது. பயிற்சிக்காக வீடு கடன் வாங்கிக்கொண்டிருந்தால் நின்று யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளைக்கே ஆட்டம் கசந்துவிட்டால். மாலை மணி அடித்ததும் மைதானத்துக்குப் போக மனம் வராமல், சார் திட்டுவார் என்ற பயத்தில் மட்டும் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஆடிவிட்டோமே என்பதற்காகத் தொடர வேண்டியதில்லை. ஆடிய ஆண்டுகள் எங்கும் போய்விடாது, அந்த உடம்பிலும் மனத்திலும்தான் இருக்கும்.

நான் எதிர்ப்பது ஒன்றைத்தான். ஜூன் மாதத்தில், முதல் டியூஷன் கட்டணம் கட்டிய வாரத்தில், பயத்தில், பிள்ளையைக் கேட்காமல் ஒரே வெட்டாக வெட்டுவது. விடுவதற்கும் தொடர்வதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. வாரம் ஆறு நாள் ஆடியவர் மூன்று நாள் ஆடலாம். மாவட்ட அணி முகாமை விட்டுவிட்டுப் பள்ளி அணியில் மட்டும் இருக்கலாம். பிளஸ் 1 முழுக்க ஆடிவிட்டு, பிளஸ் 2-வில் டிசம்பரோடு போட்டிகளை நிறுத்தி, பொதுத்தேர்வு வரை மாலையில் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு மட்டும் வரலாம். நம் வீடுகளில் இந்த நடுப்படிகளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

செய்யக்கூடியவை

முதலில் வீட்டில். பிளஸ் 1 காலாண்டுத் தேர்வு வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த மூன்று மாதம் ஆடட்டும். மதிப்பெண் வந்த பிறகு மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். குறைக்க வேண்டுமென்றால் நான்கு வாரம் குறைத்துப் பாருங்கள். மிச்சமான நேரம் உண்மையில் படிப்புக்குப் போகிறதா என்று பிள்ளையே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். கடைசிச் சொல் பிள்ளையுடையதாக இருக்கட்டும். அதற்கு முன், தந்தையோ தாயோ ஒரு மாலை மைதானத்துக்குப் போய், பிள்ளை ஆடுவதை முழுதாக ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள். அத்தான் தன் மகள் ஆடி ஒரு முழு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்பது இந்தப் பேச்சு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் போட்டி, யார் நடத்தியது, எந்த அளவு, எந்த ஆண்டு என்று எழுதி ஒரு கோப்பில் வையுங்கள். ஒதுக்கீட்டுக்கு எல்லாச் சான்றிதழும் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நடத்திய போட்டியாக இருக்க வேண்டும், உரிய படிவத்தில் உரியவரின் கையெழுத்து வேண்டும். இதைக் கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் தெரிந்துகொண்டு அலைகிற குடும்பங்கள் ஏராளம். மாவட்ட விளையாட்டு அலுவலர்கள் ஆண்டுதோறும் பிளஸ் 1 தொடக்கத்திலேயே ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு நாள் முகாம் நடத்தி, எந்த ஒதுக்கீட்டுக்கு எது செல்லும் என்று பெற்றோருக்கு விளக்க வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை 19 வயதுக்கு உட்பட்டோருக்கான குறுவட்ட, மாவட்டப் போட்டிகளை ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் மாநிலப் போட்டியை அக்டோபருக்குள்ளும் முடிக்கும்படி அட்டவணையை முன்னே நகர்த்த வேண்டும். கல்வியாண்டு தொடங்கும் நாளிலேயே தேதிகளை அறிவித்தால் பிள்ளை படிப்பைத் திட்டமிட்டுக்கொள்வாள். பள்ளியின் சார்பில் ஆடப் போகும் நாட்கள் எல்லாப் பள்ளிகளிலும் வருகை நாட்களாகவே கணக்கிடப்பட வேண்டும். விடுபட்ட தேர்வை இரண்டு வாரத்துக்குள் மீண்டும் வைப்பது ஆசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாக இல்லாமல், எழுத்தில் உள்ள விதியாக வேண்டும். தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குப் போகும் மாணவர்களுக்கு சி.பி.எஸ்.இ. பின்னர் தனித் தேர்வு நடத்துகிறது. மாநிலப் பாடத்திட்டத்திலும் அந்த வழியைத் திறக்கலாம்.

பிளஸ் 1 கால அட்டவணையில் பி.டி. வகுப்பு உண்மையில் நடக்கிறதா என்று முதன்மைக் கல்வி அலுவலர்கள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்துக்குப் பதில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் மேசையில் இருந்தால் அன்றே அறிக்கை போக வேண்டும். வெளியூர் போகும் பெண்கள் அணியோடு பெண் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். தங்குமிட முகவரியும் தொடர்பு எண்ணும் முந்தைய வாரமே பெற்றோர் கையில் இருக்க வேண்டும். அத்தானின் பயத்தில் பாதி இதிலேயே தீர்ந்திருக்கும்.

டியூஷன் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை வகுப்பை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். ஊரில் உள்ள நான்கைந்து சென்டர்கள் பேசி ஒரே நாட்களில் அப்படிச் செய்தால், அந்த மாலைகளில் மைதானத்தில் ஓர் அணி சேரும். வாலிபாலுக்கு ஒரு பக்கம் ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் டியூஷனில் இருந்தால் ஆறாவது பிள்ளை வந்தும் பயனில்லை.

கடைசியாகப் பள்ளிகளுக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும் ஒன்று. எவ்வளவு செய்தாலும் சில பிள்ளைகள் நிறுத்தத்தான் போகிறார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளில் போக வேண்டாம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை, விடைபெறுகிறவர்களுக்காக ஓர் ஆட்டம் வையுங்கள். பெற்றோரைக் கூப்பிடுங்கள். அவர்கள் போட்ட பனியனை அவர்களிடமே கொடுத்தனுப்புங்கள். எந்த மாலையில் வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். என் கடைசிக் கபடி ஆட்டம் எதுவென்று எனக்குத் தெரியாது. அன்று யாரும் அதைக் கடைசி என்று சொல்லவில்லை.

அக்கா மகள் இப்போது செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் ஆடப் போகிறாள். அரையாண்டுக்குப் பிறகு மறுபடி பேசலாம் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். போன வாரம் சனிக்கிழமை அவரும் மைதானத்துக்குப் போனாராம். செட்டர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் கேட்டாராம்.